அக்காவின் மூன்று மாத லீவு

மே மாதம் முடிகிற நாளின் மாலையில் அக்கா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலியைத் துடைப்பார். எண்ணெய் விட்டு, கையால் பெடலைச் சுற்றிச் சத்தம் கேட்பார். பிறகு நிமிர்த்தி, பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் போர்த்தி, கராஜின் மூலையில் சாத்திவிடுவார். ஆஸ்திரேலியாவின் குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அந்தப் போர்வை விலகாது. செப்டம்பர் முதலாம் தேதி காலையில், மழையோ வெயிலோ, சைக்கிள் தெருவில் நிற்கும். நான் அவரை அறிந்திருந்த ஆறு வருடங்களில் இந்த செப்டம்பர் தேதி ஒருமுறையும் தவறியதில்லை. ஒரு வருடம் தவற வைக்க வேண்டும் என்று சிலர் பாடுபட்டோம். அதில் நானும் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இப்போது மெல்பர்னில் இருக்கிறேன். என் அலுவலகத்தில் நாலைந்து பேர் குளிர்காலம் முழுவதும் சைக்கிளில் வருகிறவர்கள். ஜூலை மழையில் நனைந்து, மூக்கு சிவந்து, லிஃப்டில் சொட்டச் சொட்ட நின்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்வார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய குரல்தான் கேட்கும்.

"குளிரிலை ஓடுறது வீரமெண்டால் நீங்கள் ஓடுங்கோ தம்பிமார். எனக்கு விருப்பமில்லை."

இதை அவர் சொன்னது சிட்னியில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவிடம். ஏழெட்டுத் தமிழ் ஆண்கள், உடம்போடு ஒட்டிய உடுப்பு, விலையுயர்ந்த சைக்கிள். அவர்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் பெண். ஐம்பத்தெட்டு வயது. கழுத்தோடு வெட்டிய நரைத்த முடி, மஞ்சள் நிற ஆண்கள் ஜாக்கெட், முன்னால் கூடை வைத்த கரும்பச்சைச் சைக்கிள். கையிலிருந்த இரண்டு தங்கக் காப்புகளும் ஹாண்டிலில் தட்டிச் சத்தம் போடாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பார். குழுத் தலைவர் ஒரு பொறியாளர். குளிர்காலத்தில் மூன்று வாரம் தொடர்ந்து வராதவர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று ஒரு விதி போட்டார். அவரை மனதில் வைத்துப் போட்ட விதி என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த நிமிடமே குழுவிலிருந்து வெளியேறினார். செப்டம்பர் முதல் ஞாயிறு காலை, நாங்கள் வழக்கமாகக் கூடுகிற இடத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்.

"குறூப்பிலைதான் நான் இல்லை. பாதையிலை இருக்கிறன்" என்றார்.

எனக்கு அவர் அறிமுகமானது மேற்குச் சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில், மளிகைக் கடை வாசலில். நான் மதுரையிலிருந்து பெங்களூர் வழியாகச் சிட்னிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பயத்தில் சைக்கிள் வாங்கியிருந்தேன். சங்கிலி கழன்றுவிட்டது. மாட்டத் தெரியாமல் இரண்டு கையும் கரியாகக் குந்திக்கொண்டிருந்தேன். கூடையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெண் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவிக்கு வரவில்லை.

"பின்னாலை இருக்கிற கியரைச் சின்னதுக்கு மாத்திப்போட்டு மாட்டிப் பாரும்" என்றார் கடைசியில்.

மாற்றினேன். சங்கிலி தானாக உட்கார்ந்தது. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றேன்.

"அன்ரி எண்டு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டன் தம்பி. அக்கா எண்டு சொல்லும்."

அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. எங்கள் வீடு அவருடைய தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது. என் மனைவிக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. நான் 'சைக்கிள் ஓட்டுறது' என்பேன். இலங்கைத் தமிழரான அவர் 'சைக்கிள் ஓடுறது' என்பார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அவர் போவதைப் பார்த்தபோது அதுதான் சரி என்று பட்டது. சைக்கிளை அவர் ஓட்டவில்லை. அவரேதான் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில், அவர் சொல்வதுபோலக் குசினியில், அவருக்கு வேலை. காலை ஆறு மணிக்கு நோயாளிகளின் காலை உணவுத் தட்டுகளை அடுக்குவது. ஒன்பது மாதம் சைக்கிளில் போவார், குளிர்காலத்தில் ரயிலில். புதிதாக வந்த மேற்பார்வையாளன் ஒருவன், சரக்கு இறக்குகிற இடத்தில் சைக்கிள் வைக்கக் கூடாது, ஆபத்து என்று சொன்னான். "எழுதித் தாரும்" என்று கேட்டார். அவனும் எழுதி ஒட்டினான்: இங்கே வாகனங்கள் எதுவும் நிறுத்தக் கூடாது. அடுத்த நாள் அவனுடைய மோட்டார் ஸ்கூட்டர் அங்கே நின்றபோது, இவர் தன் சைக்கிளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே போய்த் தட்டு அடுக்கத் தொடங்கிவிட்டார். மத்தியானம் அறிவிப்பைக் காணவில்லை.

"கேட்டுட்டு வச்சிருக்கலாமே அக்கா" என்றேன் இதைக் கேட்டதும்.

"ஆரைக் கேக்கோணும்?" என்றார்.

இது அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி. கோபமாகக் கேட்கமாட்டார். உண்மையிலேயே ஒரு பெயரைச் சொன்னால் போய்க் கேட்டுவிட்டு வரத் தயார் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். கோயில் மண்டபத்தில் ஒருமுறை ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசிலை ஏனக்கா உங்களுக்கு இது?" என்றார். "எந்த வயசிலை?" என்று திருப்பிக் கேட்டார் அக்கா. அந்தப் பெண் சிரித்து நகர்ந்துவிட்டார்.

எல்லா நேரமும் இது ரசிக்கும்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். அவருடைய கணவர் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். இதய நோயாளி. அவரைப் பற்றி அக்கா என்னிடம் பேசியது ஒரே ஒருமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததாம். "இண்டைக்கு நீ சைக்கிளிலை போகக் கூடாது" என்றாராம். அக்கா போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு அடுத்த வருடம்தான் இறந்தார்.

"அண்டைக்கு நான் நிண்டிருக்கலாம்" என்றார் அக்கா. நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தொடர்ந்தார். "ஆனா அவர் கேட்ட விதம் சரியில்லை. 'என்னோட நில்லு' எண்டு கேட்டிருந்தா நிண்டிருப்பன். 'போகக் கூடாது' எண்டெல்லோ சொன்னவர்."

செத்துப்போனவரிடம்கூட விட்டுக்கொடுக்காத ஒருவர் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மூன்று மாத லீவு எதற்கு என்று நான் கேட்டது ஒரு ஜூலை மாதம். மேற்குச் சிட்னியில் குளிர்காலக் காலை கடுமையானது. புல் வெள்ளையாகக் கிடக்கும், கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து, கால்களை ஹீட்டருக்கு நீட்டி, ஆற அமரத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குளிருக்குப் பயமா, மூட்டு வலியா என்று கேட்டேன்.

"இரண்டும் இல்லை" என்றார். "ஊரிலை சண்டைக் காலம் பெற்றோல் இல்லை. சைக்கிள்தான். காய்ச்சலெண்டாலும் ஓடோணும், மழையெண்டாலும் ஓடோணும். அம்மாவைப் பின்னாலை வைச்சு, அரிசி மூட்டையை முன்னாலை வைச்சு, இருவது மைல் ஓடியிருக்கிறன். 'இண்டைக்கு எனக்கு ஓட விருப்பமில்லை' எண்டு ஒருநாளும் சொல்ல ஏலாது. இஞ்ச வந்து முதல் சம்பளத்திலை சைக்கிள் வாங்கினன். வாங்கினவுடனை முடிவெடுத்தனான். வருசத்திலை மூண்டு மாசம் ஓடுறதில்லை. ஏனெண்டால் ஓடாமல் இருக்க ஏலும்."

சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்தார்.

விபத்து நடந்தது அதற்கடுத்த வருடம், மே மாதக் கடைசியில். வேலைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்த கார் அவரைத் தள்ளிவிட்டது. இடது காறை எலும்பு முறிந்தது, விலா இரண்டில் வெடிப்பு. சைக்கிளுக்குக் கீறல் மட்டும்தான். ரோட்டில் கிடந்தபடியே கார்க்காரப் பெண்ணிடம், முதலில் ஆஸ்பத்திரிக் குசினிக்கு போன் செய்து தான் பிந்தி வருவதாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். நான் வார்டில் போய்ப் பார்த்தபோது அவர் கவலை வேறாக இருந்தது.

"என்ர லீவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது" என்றார். "அந்த ஆறு நாளும் போச்சு."

கட்டிலின் மறுபக்கம் அவருடைய ஒரே மகன் நின்றான். முப்பத்திரண்டு வயது, வங்கியில் வேலை, சற்றுத் தள்ளியிருந்த புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் மனைவியோடும் நாலு வயது மகளோடும் இருந்தான். அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணா, திஸ் இஸ் இட். இனிச் சைக்கிள் இல்லை. நீங்கள் சொன்னா அம்மா கேப்பா."

கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் கண்ணைப் பார்த்து மறுக்க முடியவில்லை. சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். எனக்கும் உள்ளூர அவர் ஓட்டாமல் இருந்தால் நிம்மதி என்றுதான் இருந்தது.

நான் சொல்லவே இல்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். ஜூலையில் அந்தப் பகுதிக்குக் கவுன்சில் கிளீன்-அப் வந்தது. வேண்டாத பொருள்களை வீட்டு வாசல் புல்லில் வைத்துவிட்டால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். மகன் எனக்கு போன் செய்தான். அம்மா பிசியோவுக்குப் போயிருக்கிறா, கராஜில் கிடக்கும் பழைய வாஷிங் மெஷினைத் தனியாகத் தூக்க முடியவில்லை, கொஞ்சம் வர முடியுமா என்றான். போனேன். மெஷினைத் தூக்கினோம், ஒரு மெத்தையைத் தூக்கினோம். பிறகு அவன் மூலையைக் காட்டி, "இதையும் அண்ணா" என்றான்.

"அம்மாவைக் கேட்டியா?"

"கேட்டா விடுவாவோ?"

அவன் மெத்தையைச் சரிசெய்யப் போனான். போர்வையை உருவியது நான்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வாஷிங் மெஷினில் சாத்தியதும் நான்தான். அரை மணி நேரம் கழித்துத் தெருவைப் பார்த்தபோது மெஷினும் மெத்தையும் இருந்தன. சைக்கிளை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். இடது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வலது கையால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, சைக்கிளை வெளிய வச்சது நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தார். "மகன் தான்தான் வைச்சனெண்டு சொன்னவன். உம்மட பேரைச் சொல்லேல்லை" என்றார். கத்தியை என் பக்கம் நகர்த்தினார். "வந்து சொன்னனீர். அது காணும். வெங்காயத்தை அரியும்."

அதோடு எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. மகனிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வந்தால் சாப்பாடு போட்டார், பேத்தியோடு விளையாடினார். பிசியோ கொடுத்த பயிற்சிகளை மூன்று வேளையும் செய்தார். அம்மா ஒருவழியாக அடங்கிவிட்டார் என்று அவன் நம்பினான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அவரையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு இந்திய உணவகங்கள் நிறைந்த ஹரிஸ் பார்க் பகுதிக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ஓர் உணவகத்தின் முன்னால் அக்கா சட்டென்று நின்றார். சுவரோரம் அவருடைய கரும்பச்சைச் சைக்கிள். கூடை இருந்த இடத்தில் உணவு கொண்டுபோகிற சதுரப் பெட்டி. நாங்கள் அங்கேயே காத்திருந்தோம். பொட்டலத்தோடு வெளியே வந்தது ஒரு நேபாளிப் பெண். முப்பது வயதிருக்கும். பகலில் படிப்பு, மாலையில் இந்த வேலை. எங்கிருந்து கிடைத்தது என்று அக்கா தன் குசினி ஆங்கிலத்தில் கேட்டதும் அவள் வெலவெலத்துப் போனாள். ரோட்டோரம் கிடந்தது, திருடவில்லை, வேண்டுமானால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். மெல்லிய ஸ்வெட்டர். கையுறை இல்லை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"உனக்கு இந்தக் குளிரில் ஓட விருப்பமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கேள்வி புரியாதவளைப் போல விழித்தாள். விருப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றாள்.

அக்கா தலையாட்டினார். சைக்கிளை அவளே வைத்துக்கொள்ளலாம், ஆனால் சீட்டு மட்டும் தனக்கு வேண்டும், பதினாறு வருடம் தன் உடம்புக்குப் பழகிய சீட்டு அது என்றார். அடுத்த நாள் ஒரு புதுச் சீட்டை வாங்கிப் போய் அதே இடத்தில் மாட்டிக்கொடுத்து, பழையதைக் கழற்றி வந்தோம். கையுறை ஒரு ஜோடியும் கொடுத்தார்.

காரில் திரும்பும்போது மடியில் சீட்டை வைத்துக்கொண்டு, "இனி இதுக்கு ஒரு சைக்கிள் பாக்கோணும்" என்றார்.

பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். சிவப்பு நிறம். சீட்டை மாட்டினோம். "இது உம்மட கராஜிலை நிக்கட்டும். நீர்தானே தூக்கி வெளியிலை வைச்சனீர்" என்றார். வைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் நடுவில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வெயில் நன்றாக அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, இன்னைக்கே எடுங்க. மகன் வீட்டு வழியா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். பாக்கட்டும்."

அவர் என்னை ஏதோ அறியாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆகஸ்ட் என்ர லீவெல்லோ. அவனுக்குக் காட்டுறதுக்காக என்ர லீவை நான் ஏன் விடோணும்?"

அந்த வருடம் செப்டம்பர் முதலாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. இங்கே அது தந்தையர் தினமும்கூட. ஏழு மணிக்கு என் வாசலில் நின்றார். மஞ்சள் ஜாக்கெட், ரப்பர் பேண்ட் போட்ட காப்பு. காற்று இன்னும் சில்லென்றுதான் இருந்தது, ஆனால் வேலிகளில் மல்லிகை பூத்துவிட்டது, தெருமுனை வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்து நின்றது. ஏறும்போது இடது தோள் வலியில் முகத்தைக் கொஞ்சம் சுளித்தார். ஏறியபின் நூறு மீட்டர் வரை சைக்கிள் நெளிந்தது. நான் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு நேரானது.

"எங்க அக்கா போறோம்?"

"குவேக்கர்ஸ் ஹில்."

வழியில் ஒரு யூகலிப்டஸ் மரத்திலிருந்து மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று பாய்ந்து அவருடைய ஹெல்மெட்டில் கொத்தியது. வசந்தத்தில் குஞ்சைக் காக்க அவை அப்படித்தான் செய்யும். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தேன். அவர் வேகத்தை மாற்றவில்லை. "மரம் உன்ர, ஒத்துக்கொள்ளுறன். றோட்டு எல்லாருக்கும்" என்று அதனிடம் சொன்னார். அது இரண்டாம் முறையும் கொத்தியது.

மகன் வீட்டை அடைந்தபோது அவன் வாசலில் செருப்பில்லாமல் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அம்மாவைச் சைக்கிளில் பார்த்ததும் கையிலிருந்த குழாய் அவன் காலிலேயே ஊற்றத் தொடங்கியது. என்னை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அக்கா சைக்கிளைப் புல்லில் நிறுத்தினார். மருமகள் ஓடிவந்து உள்ளே கூப்பிட்டாள். "இல்லைப் பிள்ளை. அவன் வெளியிலை வந்து என்னோட கதைக்கட்டும். நான் இஞ்ச இருக்கிறன்." மருமகள் தவித்துவிட்டு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தோம். பிறகு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். கோபத்தில் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கித் திருப்தியாகச் சாப்பிட்டார். "சாப்பாட்டோட எனக்கென்ன கோபம்" என்றார். நாயை நடத்திக்கொண்டு போனவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பேத்தி வந்து சிவப்புச் சைக்கிளின் மணியை அடித்துப் பார்த்தாள். மணி எட்டரை, ஒன்பதரை, பத்தரை ஆயிற்று. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் வெயில் நகர நகரக் கதிரையை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்கு அவன் வந்தான்.

"அம்மா, என்னதான் வேணும் உங்களுக்கு?"

"என்னைக் கேக்காமல் என்ர சைக்கிளை றோட்டிலை வைச்சனீ. அது பிழை எண்டு சொல்லு."

"உங்கட நல்லதுக்குத்தான் செய்தனான்."

"நல்லதோ கெட்டதோ பிறகு பாப்பம். கேக்காமல் செய்தது பிழை."

"ஓகே. சொறி."

"ஓகேயை விட்டுட்டுச் சொல்லு."

அவன் புல்லில் அப்படியே குந்திவிட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எமர்ஜென்சியிலை உங்கட உடுப்பை வெட்டித்தான் எடுத்தவங்கள். அதை ஒரு பையிலை போட்டு என்ர கையிலை தந்தவங்கள். அப்பான்ர உடுப்பையும் அண்டைக்கு அப்பிடித்தான் தந்தவங்கள், அதே மாதிரிப் பை. அது இன்னும் என்ர கார் டிக்கிக்குள்ளை கிடக்கு அம்மா. எடுத்து எறியவும் முடியேல்லை. திறந்து பாக்கவும் முடியேல்லை."

அக்கா கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மருமகள் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா கேட்டிருப்பீங்களோ?"

அவர் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்று யோசிப்பது தெரிந்தது. "கேட்டிருப்பன். ஓடுறதை விட்டிருக்க மாட்டன். ஆனா நீ சொல்லுறதைக் கேட்டிருப்பன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பிழைதான் அம்மா. உங்களைக் கேக்காமல் எடுத்தது பிழை."

"சரி. அந்தப் பையை எடு."

காரின் டிக்கியைத் திறந்தான். அவர் பையை வாங்கிப் பிரித்தார். நடுவில் வெட்டிய வேலைச் சட்டை, காய்ந்த கறை. ஒரு தடவை விரித்துப் பார்த்தார். நேராகப் போய்ச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியைத் திறந்து உள்ளே போட்டார்.

"இதைத்தான் நீ வீசியிருக்கோணும்" என்றார்.

அவன் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சத்தம் போட்டான். அவர் அவன் தலையில் கைவைத்து அழுத்தினார், இரண்டு கையாலும், இடது கை முழுதாக எழும்பாமல் பாதியில் நின்றது. பிறகு அவர் ஹெல்மெட்டை எடுத்தார்.

"அம்மா. நான் கொண்டுபோய் விடுறன். சைக்கிளைக் காரிலை ஏத்தலாம்."

"வேண்டாம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படு. அது உன்ர உரிமை. என்ர சைக்கிளைத் தொடாதை."

கிளம்பினோம். இரண்டு தெரு தள்ளியதும் பின்னால் டிக் டிக் என்று சத்தம். அவன் காரை எடுத்து, இரண்டு பக்க விளக்கையும் மின்னவிட்டு, நடக்கிற வேகத்தில் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹாரன் அடித்தான். அக்கா ஓரமாக நின்று, போ என்று கையைக் காட்டினார். மகன் போகவில்லை. மறுபடி ஏறி மிதித்தார். அவனும் வந்தான். ரவுண்டபவுட்டிலும் வந்தான். கடைத்தெருவிலும் வந்தான்.

நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே சைக்கிள் பாதை தொடங்குகிறது. கார் நுழையாமல் நடுவில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருப்பார்கள். பென்டில் ஹில்லுக்கு நாங்கள் நேராகப் போக வேண்டும். அக்கா கையை நீட்டி இடதுபக்கம் திரும்பி, கம்பத்தைத் தாண்டி, பாதைக்குள் இறங்கிவிட்டார்.

நான் கம்பத்தருகில் வேகத்தைக் குறைத்தேன். மகன் காரை நிறுத்தி இறங்கியிருந்தான். கதவு திறந்தபடி கிடந்தது, விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, அம்மாவோட போங்கோ என்பதுபோலத் தலையை அசைத்தான். மிதித்து அவரை எட்டிப் பிடித்தேன்.

"அக்கா, இது சுத்து வழி. பத்து கிலோமீட்டர் கூட."

"தெரியும்" என்றார். ஏற்றம் தொடங்கியது. கியரை மாற்றி, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார்.